ஏழு மாதமாகியும் 38 கிராம்தான்: ஆமைக்குஞ்சு எவ்வளவு வேகமாக வளர வேண்டும்?

பொரிகுஞ்சு
மார்ச் 4, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசிப்பதோடு சரி, இன்றுதான் முதல் பதிவு போடுகிறேன். என்னிடம் இரண்டு சிறுத்தை ஆமைக் குஞ்சுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே குழியில் இட்ட முட்டைகளில் இருந்து ஒரே வாரத்தில் வெளிவந்தவை, இப்போது ஏழு மாதம். என்னிடம் வந்து நாலு மாதம் ஆகிறது.

வந்த அன்று சின்னது 31 கிராம், பெரியது 36. இன்று காலை எடை போட்டேன். பெரியது 112 கிராம், சின்னது 38. நாலு மாதத்தில் ஏழே ஏழு கிராம்! நீளம் 5.4 செ.மீ. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

சின்னதின் ஓடு வழவழப்பாக, அழகாக இருக்கிறது. பெரியதின் ஓட்டில் மட்டும் ஒவ்வொரு சில்லும் (ஓட்டின் மேல் தெரியும் கட்டம்) நடுவில் லேசாகப் புடைக்க ஆரம்பித்திருக்கிறது. ஒன்று வளரவில்லை, மற்றொன்று வேகமாக வளர்ந்து கூம்பு விடுகிறது. இரண்டில் எதற்குக் கவலைப்படுவது என்றே தெரியவில்லை. சின்னதுக்குச் சாப்பாட்டைக் கூட்டி, பெரியதுக்குக் குறைக்கலாமா?

---

மெதுவாகப்போ
மார்ச் 4, இரவு 10:15

பயப்படாதீர்கள். ஆமை மெதுவாக வளரும் பிராணி. காட்டில் குஞ்சுகள் பொதுவாக இவ்வளவு வேகமாக வளர்வதில்லை. என் கண்ணுக்குப் பெரியதுதான் பிரச்சினை, அது தின்பது அதிகம். சின்னதின் ஓடு வழவழப்பாக இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் என்ன? பெரியதுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இலை போடுங்கள், வேகம் தானாகக் குறையும்.

---

வேர்நிழல்
மார்ச் 4, இரவு 11:02

மெதுவாகப்போ அண்ணா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. வளராத ஓடு வழவழப்பாகத்தான் இருக்கும். புதிதாக ஒன்றும் சேரவில்லையே, புடைக்க என்ன இருக்கிறது? அதை ஆரோக்கியத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பொரிகுஞ்சு, சில கேள்விகள். பதிலைப் பார்த்துவிட்டு விரிவாக எழுதுகிறேன்.

தொட்டி திறந்ததா, மூடியதா? கீழே என்ன போட்டிருக்கிறீர்கள்? ஈரப்பதம் எவ்வளவு? விளக்குக்கு அடியிலும் அதற்கு எதிர் மூலையிலும் வெப்பம் எவ்வளவு, இரவில் எவ்வளவுக்கு இறங்குகிறது? தண்ணீரில் எத்தனை நாளுக்கு ஒரு முறை உட்கார வைக்கிறீர்கள்? கழிவோடு வரும் வெள்ளைப் பொருள் (ஆமையின் யூரிக் அமிலக் கழிவு) தயிர் மாதிரி இருக்கிறதா, மணல் மாதிரி நறநறவென்று இருக்கிறதா? இரண்டும் ஒரே தொட்டியிலா?

---

பொரிகுஞ்சு
மார்ச் 5, காலை 6:50

உடனே கேட்டதற்கு நன்றி. மேலே திறந்த கண்ணாடித் தொட்டிதான். கீழே காய்ந்த மணல். பாலைவன ஆமை, ஈரம் ஆகாது என்று வாங்கிய இடத்தில் சொன்னார்கள். யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் சுருள் வடிவ பல்பு ஒன்று, வெப்பத்துக்குக் குறுகலாக அடிக்கும் ஸ்பாட் பல்பு ஒன்று. இரவில் இரண்டையும் அணைத்துவிடுவேன். ஈரப்பதமானி நேற்று இரவுதான் கைக்கு வந்தது. 34 சதவீதம் காட்டுகிறது. விளக்குக்கு அடியில் 37 டிகிரி, மறுமூலையில் 24. இன்று விடிகாலையில் பார்த்தபோது எல்லா இடமும் 20.

தண்ணீரில் விடுவது வாரம் ஒரு முறை.

வெள்ளைப் பொருளை இன்று விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். சுண்ணாம்புக்கட்டித் தூள் மாதிரி நறநறவென்று இருந்தது. சின்னது, பெரியது இரண்டுக்கும் அப்படித்தான்.

ஆமாம், இரண்டும் ஒரே தொட்டி. ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் என்று நினைத்தேன். சின்னது பெரும்பாலும் மூலையில் தூங்கிக்கொண்டேதான் இருக்கும்.

---

வேர்நிழல்
மார்ச் 5, காலை 8:30

இதைத்தான் எதிர்பார்த்தேன். முதலில் ஒன்று: இன்றே இரண்டையும் பிரியுங்கள். நாளைக்குத் தள்ள வேண்டாம். இரண்டு ஆமைகளை ஒன்றாக வைத்தால் ஒன்று ஆளும், மற்றது ஒதுங்கும். கடிக்கவோ முட்டவோ வேண்டியதே இல்லை. சாப்பாட்டுத் தட்டின் மேல் ஏறி உட்காருவது, வெயில் விழும் இடத்தை மறைப்பது, பின்னாலேயே நடந்துகொண்டிருப்பது, இதெல்லாமே விரட்டுதல்தான். நமக்கு அது கொஞ்சுவது போலத் தெரியும். சின்னதுக்கு நாலு மாதமாகத் தப்பி ஓட இடமில்லை. அது தூங்கவில்லை, ஒளிந்திருக்கிறது.

அடுத்து தண்ணீர். உங்கள் இரண்டு குஞ்சுகளுக்கும் ஒரே நோய்தான்: உடம்பில் தண்ணீர் வற்றிக் காய்ந்துபோவது. ஒன்றில் அது வளராமையாகத் தெரிகிறது, மற்றதில் கூம்பாகத் தெரிகிறது.

'பாலைவன ஆமை' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நாம் படங்களில் பார்ப்பதெல்லாம் வறண்ட நிலத்தில் நடக்கும் பெரிய ஆமைகளை. குஞ்சை யாரும் பார்ப்பதில்லை. ஏன் என்றால் அது வெளியே இருப்பதே அபூர்வம். மழை தொடங்கி மண் இளகும் காலத்தை ஒட்டிப் பொரித்து வெளியே வந்து, புல்தூருக்குள்ளும் வேர்களுக்கு இடையிலும் சருகுக்கு அடியிலும் புகுந்துகொள்ளும். மேலே காற்று எவ்வளவு வறண்டிருந்தாலும் அந்த இடம் கசகசவென்று ஈரமாக இருக்கும். கிண்ணி அளவு உடம்பு. அதைத் திறந்த தொட்டியில், 34 சதவீத ஈரத்தில், காய்ந்த மணலில் வைத்தால் மூச்சிலும் தோலிலும் நாள் முழுக்கத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். வாரம் ஒரு குளியலால் அதை ஈடுகட்ட முடியாது. தண்ணீர் போதாத குஞ்சுக்குப் பசி எடுக்காது, தின்றாலும் செரிக்காது. நறநற வெள்ளை அதைத்தான் சொல்கிறது.

சிறுத்தை ஆமை, சுல்காட்டா (ஆப்பிரிக்காவின் பெரிய தரை ஆமை) போன்ற வெப்பமண்டல இனக் குஞ்சுகளுக்கு நான் செய்வது இது.

தொட்டியின் மேல்பக்கத்தை மூடுகிறேன். விளக்குகளும் மூடிக்கு உள்ளேயே இருக்கும். மூடி மேல் விளக்கை வைத்தால் சூடான காற்று ஈரத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும். உள்ளே வெப்பம் தேங்கும் என்பதால் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. விளக்குக்கும் மூடிக்கும், விளக்குக்கும் குஞ்சுக்கும் இடைவெளி விட வேண்டும். முதல் இரண்டு நாள் வெறும் தொட்டியாக ஓடவிட்டு எல்லா மூலையிலும் வெப்பம் பாருங்கள், பிறகு குஞ்சை விடுங்கள்.

கீழே தேங்காய் நார்த்தூள் அல்லது பொடிப் பொடியான மரப்பட்டை, நாலு விரற்கடை ஆழம். தண்ணீரை மேலே தெளிக்காமல் மூலைகளில் ஊற்றுவேன். அடி ஈரமாகி, மேல்பரப்பு ஓரளவு உலர்ந்திருக்கும். மேலே சொதசொதவென்று இருந்தால் வயிற்று ஓடு அழுகும். கையால் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

ஈரப்பதம் 80க்கு மேல். வெயில் காயும் இடம் 35 முதல் 38 டிகிரி. மற்ற இடங்கள் 27, 28. இரவிலும் 26க்குக் கீழே விடாதீர்கள். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் போதும். ஈரத்தையும் குளிரையும் சேர்த்துக் கொடுத்தால் நுரையீரலில் சளி கட்டிவிடும். ஈரம் வேண்டுமானால் வெப்பமும் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிற்காதீர்கள்.

குளியல் தினமும். இளஞ்சூட்டுத் தண்ணீர், மேலோடும் அடியோடும் சேரும் விளிம்பு வரைக்கும் ஆழம், 20 நிமிடம். பாத்திரத்தின் பக்கச்சுவர் உயரமாக, வெளியே தெரியாததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஏறித் தப்பவே பார்க்கும். தலையை நீட்டித் தண்ணீரில் தாடையை அமிழ்த்தித் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். முதல் நாலைந்து நாள் அப்படிக் குடிக்கும் என்று நினைக்கிறேன்.

---

கல்லோடு
மார்ச் 5, மதியம் 1:12

நான் ஒன்பது வருஷமா சுல்காட்டா வச்சிருக்கேன். வேர்நிழல் சொன்னது எனக்கு அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா என் பையன் ஓடு இப்படி ஆகியிருக்காது. ஒவ்வொரு சில்லும் மலை மாதிரி நிக்குது. நடு வரிசையில இருக்கற அஞ்சு சில்லுலயும் விரலை வச்சா பள்ளத்துக்குள்ள விரல் மறையுது. மழை பெஞ்சா அந்தப் பள்ளத்துல தண்ணி தேங்கும், பழைய துணியால ஒத்தி எடுப்பேன்.

நான் சாப்பாட்டைக் குறைச்சேன். புரதம்தான் காரணம்னு அப்ப எல்லாரும் சொன்னாங்க. ரெண்டு வருஷம் பட்டினி மாதிரிதான் போட்டேன். வேகம் குறைஞ்சுது, கூம்பு குறையல. மெதுவா வளர்ந்த கூம்பு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ரெண்டு வருஷம் அவன் தட்டுக்கிட்ட வந்து நின்னு என்னையே பார்ப்பான். இப்ப நெனச்சாலும் மனசு கேக்கல.

ஒண்ணு மட்டும் சொல்றேன். கூம்பு விட்ட ஓடு திரும்பத் தட்டையாகாது, அது எலும்போட சேர்ந்தது. ஆனா அதுக்கப்புறம் வர்ற வளர்ச்சி தட்டையா வரும். ஏழு மாசத்துல பார்த்துட்டீங்க. பெரியதுக்கு இன்னும் முக்கால்வாசி ஓடு வரவே இல்ல. அது முழுசும் நல்லா வரும்.

---

மெதுவாகப்போ
மார்ச் 5, மாலை 5:45

கல்லோடு எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை. அதிகப் புரதம், வேகமான வளர்ச்சி, கூம்பு ஓடு மூன்றும் சேர்ந்து வருவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். இறைச்சியும் நாய்த்தீனியும் போட்டு வளர்த்த ஆமைகளை நானே பார்த்திருக்கிறேன், கண்ணால் பார்க்க முடியாது. அதையெல்லாம் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவதா?

---

கால்நடை_மாணவி
மார்ச் 5, இரவு 8:20

இதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. 2003இல் வீஸ்னர், இபென் என்ற இருவர் வியன்னாவில் செய்தது. 50 சுல்காட்டா குஞ்சுகளை ஐந்து குழுவாகப் பிரித்து, புரதத்தையும் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றி ஐந்து மாதம் வளர்த்தார்கள். வறண்ட சூழலில் வளர்ந்தவற்றுக்குக் கூம்பு உயரமாக வந்தது. ஈரத்தில் வளர்ந்தவற்றுக்குக் குறைவு. புரதத்தின் பங்கு அதில் சிறிதாகவே தெரிந்தது.

ஆகவே கூம்பைப் பொறுத்தவரை ஈரம்தான் முதலில் பார்க்க வேண்டியது. ஆனால் மெதுவாகப்போ சார் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு: நாய்த்தீனி கூம்புக்குக் காரணமோ இல்லையோ, இலை தின்னும் ஆமையின் சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் அது ஆகாது. அந்தப் பயத்தை விட்டுவிடத் தேவையில்லை.

சேர்த்து ஒன்று: உங்கள் பல்பு. ஓடு உறுதியாக வளரச் சுண்ணாம்புச்சத்து வேண்டும், அது குடலில் இருந்து உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், டி3 தோலில் உருவாக 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான யூவிபி வேண்டும். யூவிபி பட்ட பிறகு நடக்கும் அடுத்த மாற்றத்துக்கு உடம்புச் சூடும் தேவை. அதனால் வெப்ப விளக்கும் யூவிபியும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒன்று இந்த மூலை, மற்றது அந்த மூலை என்று வைக்காதீர்கள். சுருள் பல்பு சின்ன வட்டத்துக்குத்தான் தரும், சிலவற்றில் குஞ்சுகளின் கண் வீங்கியும் இருக்கிறது. டி5 என்ற நீளமான, மெல்லிய யூவிபி குழல்விளக்குக்கு மாறுங்கள். கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், ஆகவே ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விளக்கு எரிகிறது என்பதற்காக யூவிபி வருகிறது என்று அர்த்தமில்லை. ஒரு வருடத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது, அளக்கும் மீட்டர் இருந்தால் அளந்து மாற்றலாம்.

சின்னதின் ஓட்டை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். இந்த வயதில் நகம் போல லேசாக வளைந்து கொடுக்கலாம், அது இயல்பு. ஈரத்தோல் மாதிரி அமுங்கினாலோ, தாடை ரப்பர் போல இருந்தாலோ, பின்னங்காலை ஊன்றாமல் வயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தாலோ எலும்பு நோய். அப்போது இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் அன்றே போக வேண்டும். அமுங்காவிட்டாலும் 38 கிராம் குஞ்சை ஒரு முறை காட்டிவிடுங்கள், போகும்போது புதிய மலத்தையும் எடுத்துப்போங்கள். குடற்புழு அதிகமாக இருந்தாலும் எடை ஏறாது, அதை நாம் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

---

பொரிகுஞ்சு
மார்ச் 6, இரவு 10:05

பிரித்துவிட்டேன். நேற்று இரவே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் நார்த்தூள் போட்டுச் சின்னதை மாற்றினேன், முறையான தொட்டி தயாராகும் வரைக்கும். ஓடு நகம் போலத்தான் வளைகிறது, அமுங்கவில்லை. நாளை மறுநாள் மருத்துவரிடம் போகிறோம்.

இன்று காலைக் குளியலில் வேர்நிழல் சொன்னதைப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தது. பிறகு கழுத்தை நீட்டி, மூக்கு முழுகும் அளவுக்குத் தலையைத் தண்ணீரில் வைத்து, தொண்டை ஏறி இறங்க ஏறி இறங்கக் குடித்தது. நிறுத்தவே இல்லை. நான் எண்ணினேன், ஒரு நிமிடத்துக்கு மேல். நாலு மாதமாக அதற்கு இவ்வளவு தாகம் இருந்திருக்கிறது, நான் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.

பெரியதையும் தனியாக அதே மாதிரி செய்கிறேன். அதற்குச் சாப்பாட்டைக் குறைக்கவில்லை.

---

தராசுமுள்
மார்ச் 7, காலை 7:15

எடை பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். இப்போது நீங்கள் தினமும் தராசை எடுக்கப் போகிறீர்கள், எனக்குத் தெரியும். எடுக்காதீர்கள். 38 கிராம் உடம்பில் ஒரு முறை சிறுநீர் போனால் இரண்டு மூன்று கிராம் இறங்கிவிடும். தினமும் பார்த்தால் ஒரு நாள் சந்தோஷம், ஒரு நாள் அழுகை. வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம், குளியலுக்கு முன்னால். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும்.

நீளத்தை நாடாவை ஓட்டின் வளைவு மேல் வைத்து அளக்கக் கூடாது. ஓட்டின் முன்நுனிக்கும் பின்நுனிக்கும் இடையில் நேர்க்கோடு. வெர்னியர் அளவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் குஞ்சை வைத்து இடைவெளியை அளக்கலாம். மாதம் ஒரு முறை போதும்.

இணையத்தில் ஜாக்சன் வரைபடம் என்று ஒன்று கிடைக்கும். நீளத்துக்கு எடை சரியா என்று பார்ப்பது. அது 1980இல் இரண்டு மத்தியதரைக்கடல் இனங்களை அளந்து செய்தது. சிறுத்தை ஆமைக் குஞ்சை அதில் வைத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எடையைவிட நான் நம்புவது புகைப்படத்தை. மாதம் ஒரு முறை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அதே உயரத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். சில்லுகளுக்கு இடையில் வெளிறிய கோடு தெரிந்தால் அங்கே புது ஓடு வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கோடு அகலமா, ஒடுங்கலா, அது பக்கத்துச் சில்லோடு சமமாகப் படர்கிறதா, உள்ளே பள்ளமாக இறங்குகிறதா என்பதைப் படம் காட்டும், தராசு காட்டாது. சில்லில் தெரியும் வளையங்களை எண்ணி வயது சொல்வதையும் நம்பாதீர்கள், ஒரே வருடத்தில் பல வளையம் விழும்.

---

புதுவரவு
மார்ச் 7, மாலை 4:30

இழையின் நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு ஹெர்மன் ஆமைக் குஞ்சு, ஐந்து மாதம், 24 கிராம். நானும் தொட்டியை மூடி 80 சதவீதம் கொண்டுவர வேண்டுமா?

---

தராசுமுள்
மார்ச் 7, மாலை 6:00

என்னிடம் இருப்பதும் ஹெர்மன்தான், அதனால் நானே சொல்கிறேன். வேண்டாம். வேர்நிழல் எழுதிய எண்களை அப்படியே எடுக்காதீர்கள், அவை வெப்பமண்டல இனங்களுக்கு. ஹெர்மன், கிரேக்க ஆமை, ரஷ்ய ஆமை இவற்றுக்கு இரவில் வெப்பம் இறங்குவது நல்லது. 24 மணி நேரமும் சூடாக வைத்தால் ஓய்வே இல்லாமல் தின்று ஓவர் வேகத்தில் வளரும். மண்ணும் மணலும் கலந்து, குஞ்சு முழுசாகப் புதையும் ஆழத்துக்குப் போடுங்கள். அடிமண் ஈரமாக இருக்கட்டும், ஒரு மூடிய பொந்து இருக்கட்டும், தண்ணீர்க் குளியல் தினமும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்: ஈரம் வேண்டும்போது புதையும், வெயில் வேண்டும்போது வெளியே வரும். வானிலை ஒத்துவந்தால் பகலில் கம்பிவலை போட்ட பாதுகாப்பான தோட்டத்தில் விடுவதற்கு ஈடான விளக்கு எதுவும் இல்லை. காக்கையும் எலியும் நுழையாத வலையாக இருக்க வேண்டும்.

ஐந்து மாதத்துக்கு 24 கிராம் பற்றி எனக்குக் கவலை இல்லை. சுறுசுறுப்பாக இருக்கிறதா, தின்கிறதா, வெள்ளைப் பொருள் குழைவாக வருகிறதா, அதைப் பாருங்கள்.

---

பொரிகுஞ்சு
மார்ச் 15, இரவு 9:20

மருத்துவர் பார்த்தார். புழு இருக்கிறது, ஆனால் அளவோடு. இப்போதைக்கு மருந்து வேண்டாம், தண்ணீர்ச்சத்து ஏறிய பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு மெலிதாக இருக்கிறது, உடைவு ஒன்றும் இல்லை.

எடை 43. ஏறியதில் பாதி தண்ணீர்தான் என்று தெரியும், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளைப் பொருள் நாலு நாளாகக் குழைவாக வருகிறது.

இப்போது சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். இதுவரை லெட்டூஸ்தான் அதிகம், வேறு எதையும் தொடுவதில்லை. தட்டில் செம்பருத்தி இலை வைத்தால் மேலே ஏறி நடந்து போய்விடுகிறது.

---

வேர்நிழல்
மார்ச் 15, இரவு 11:10

43! பாதி தண்ணீராகவே இருக்கட்டும், அதுதான் இப்போது வேண்டியது.

லெட்டூஸில் தண்ணீரைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அதை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், ஏற்கெனவே மெலிந்த குஞ்சு பட்டினி கிடக்கும். செம்பருத்தி இலையை மிளகு அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்கி, ஈரமான லெட்டூஸ் துண்டுகளோடு பிசைந்து வையுங்கள். பிரிக்க முடியாமல் இரண்டையும் தின்னும். வாரத்துக்கு வாரம் இலையைக் கூட்டி லெட்டூஸைக் குறையுங்கள். என் குஞ்சு ஒன்றுக்கு இந்த மாற்றம் முழுசாக முடிய ஆறு வாரம் ஆனது. பொறுமைதான்.

செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, அருகம்புல், மருந்து தெளிக்காத இடத்துக் களைச்செடிகள். சிறுத்தை ஆமை புல் மேய்வது. குஞ்சுக்கு நீளப்புல்லை மெல்லத் தெரியாது, கத்தரியால் நெல்மணி அளவுக்கு வெட்டிக் கலந்துவிடுங்கள். பழம் வேண்டாம். பாலக்கீரையை அடிக்கடி போடாதீர்கள். அதில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

அளவைப் பற்றிக் கேட்பீர்கள். குஞ்சுக்கு நான் அளவே வைப்பதில்லை. இந்த இலைகளாக இருந்தால், வெப்பமும் தண்ணீரும் சரியாக இருந்தால், அது நாள் முழுக்கக் கொறித்துக் கொறித்துத் தனக்கு ஏற்ற வேகத்தில் வளரும். ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, ஒரே குழிக் குஞ்சுகளிலேயே வித்தியாசம் இருக்கும். கிராம் கணக்கைத் துரத்தி உருண்டைத் தீனியை அள்ளிப் போடுவதும் தப்பு, கூம்புக்குப் பயந்து தட்டைக் காலியாக வைப்பதும் தப்பு.

---

கால்நடை_மாணவி
மார்ச் 16, காலை 7:40

உணவில் சுண்ணாம்புச்சத்து பாஸ்பரஸைவிட இரண்டு மடங்கு இருப்பது நல்லது. மேலே சொன்ன இலைகள் பெரும்பாலும் அதற்கு ஒத்துவரும். பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் தூளை ஒரு சிட்டிகை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். ஓரமாகக் கணவாய் மீனின் ஓடு ஒன்றையும் போட்டு வையுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும், அலகும் தேயும். டி3 கலந்த தூளை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள். கால்சியம் நல்லது என்பதற்காக இரண்டு மடங்கு டி3 போட்டால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.

---

நெறியாளர்
மார்ச் 16, காலை 10:00

நல்ல இழை, மேலே பொருத்தி வைக்கிறேன். தனிமடலில் நட்சத்திர ஆமைக் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். இந்திய நட்சத்திர ஆமை 2019 முதல், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளது, அதாவது காட்டில் பிடித்தவற்றை வைத்து நாடுவிட்டு நாடு வணிகம் செய்யத் தடை. எந்த ஆமையாக இருந்தாலும் உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா, உரிய தாள்கள் உண்டா என்று பார்த்த பிறகுதான் வளர்ப்பு பற்றி இங்கே பேச வேண்டும். காட்டில் கண்ட குஞ்சை எடுத்து வந்தவர்களுக்கு இங்கே இடமில்லை.

---

மெதுவாகப்போ
மார்ச் 19, மாலை 7:30

முதல் நாளில் நான் சொன்னதை நம்பிப் பொரிகுஞ்சு இன்னும் ஒரு மாதம் காத்திருந்தால் அந்தக் குஞ்சு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். வேகமாக வளர்க்கக் கூடாது என்பதில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் மெதுவாக வளர்வதும் வளராமல் நிற்பதும் ஒன்றல்ல, அதை நான் பிரித்துப் பார்க்கவில்லை. என் வீட்டுக் குஞ்சுகளுக்கும் ஈரப்பதமானி வாங்கிவிட்டேன். 41 காட்டியது.

---

பொரிகுஞ்சு
ஜூன் 8, இரவு 9:55

மூன்று மாதம் கழித்து வருகிறேன். நடுவில் ஒரு சறுக்கல்: ஏப்ரலில் தொட்டியில் தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டேன், மேல்பரப்பு சொதசொதப்பாகி, பெரியதின் அடியோட்டில் வெள்ளையாகப் பூஞ்சை மாதிரி திட்டு வந்தது. மருத்துவர் கொடுத்த களிம்பும், ஒரு வாரம் உலர்ந்த மேல்பரப்பும் போதுமாக இருந்தது. வேர்நிழல் சொன்ன 'ஒரு பிடி' சோதனையை இப்போது இரண்டு நாளுக்கு ஒரு முறை செய்கிறேன்.

பெரியது 187 கிராம். பழைய புடைப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றி வந்திருக்கும் ஓடு தட்டை. மார்ச் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால் எந்த இடத்தில் தொட்டியை மாற்றினோம் என்று ஓட்டிலேயே கோடு போட்டது போல் தெரிகிறது.

சின்னது 71. தம்பி தம்பியாகவேதான் இருக்கிறான், அண்ணனைப் பிடிக்கப் போவதில்லை, அதைப் பற்றி இப்போது நான் கவலைப்படுவதும் இல்லை. காலையில் விளக்கு எரிந்த பத்து நிமிடத்தில் நார்த்தூளுக்குள் இருந்து தலை வெளியே வருகிறது, முதுகெல்லாம் மண்ணோடு நேரே தட்டுக்கு நடக்கிறான். செம்பருத்திப் பூ இருந்தால் அதைத்தான் முதலில். வாயோரமெல்லாம் சிவப்பு.

இன்று குளித்து முடித்து, ஈரத்தோடு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கறுப்புப் புள்ளிச் சில்லுகளுக்கு நடுவில், எல்லாப் பக்கமும், நூல் அளவுக்கு வெள்ளைக் கோடு. விரல் நுனியால் தடவினேன், தட்டுப்படவே இல்லை. அவ்வளவு சமமாக இருந்தது. படம் இணைத்திருக்கிறேன், தராசுமுள், அளவுகோல் வைத்துத்தான் எடுத்தேன்.